எடைக்குப் போட்ட சொட்டு

முப்பத்திரண்டு வருடம் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்று ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவில் சொல்லிப் பாருங்கள். "அப்போ சுகர் டெஸ்ட்டுக்கு நீயே வூட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பியா?" என்பதுதான் அடுத்த கேள்வி. "நான் ரத்தம் எடுக்கிறவன் இல்லப்பா, ரத்தக்குழாய் எப்படிக் கல்லாவுதுன்னு பாக்கிற எடத்துல இருந்தவன்" என்று விளக்கினால், "ஓ, கிட்னி ஸ்டோனா?" என்பார்கள். இத்தனை வருடத்தில் இந்தப் பேச்சு இதைத் தாண்டிப் போனதே கிடையாது.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு தராசு. போன மாதம் என் பழைய ஆய்வகத்தில் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறார்கள். சுழற்சி இயந்திரத்தில் வைக்கும் குழாய்களை அதில் வைத்தால், எதில் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று திரையில் காட்டிவிடுமாம். அங்கே புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் கேட்டார்கள்: "சார், நீங்க கையால தூக்கிப் பாத்தே பேலன்ஸ் பண்ணுவீங்களாமே? அனுபவத்தை எழுதிக் குடுங்க." அவர்கள் கேள்விப்பட்டிருப்பது பாதிக் கதை. மீதிப் பாதியை யாரும் சொல்லாமல் விட்டது என் சக ஊழியர்களின் பெருந்தன்மை. நானே சொல்லிவிடுகிறேன்.

நான் அறிவியலுக்குள் நுழைந்தது கழுவுகிற தொட்டி வழியாக. பி.யூ.சி. முடித்ததும் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை கிடைத்தது. ஆறு வருடம் கழுவினேன். அம்மா தெருவில் "எம்புள்ள லேபுல கீறான்" என்று மட்டும் சொல்வாள். அங்கே என்ன செய்கிறான் என்ற விவரத்துக்குள் போகமாட்டாள். பிறகு மைக்ராஸ்கோப்பைத் துடைக்க விட்டார்கள். பிறகு அதற்குள் எட்டிப் பார்க்க விட்டார்கள். எட்டிப் பார்த்ததில் உடைந்தது எதுவும் இல்லை என்பதால் டெக்னீஷியன் ஆக்கிவிட்டார்கள். கடைசிப் பன்னிரண்டு வருடம் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தேன். இந்தக் கதை அங்கே நடந்தது.

விஷயம் இதுதான். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிவதுண்டு. எலும்பில் இருக்க வேண்டிய சரக்கு இதயத்துக்குப் பக்கத்தில் வந்து குடியேறிவிடும். அதற்கு இடம் பிடித்துக் கொடுப்பது யார்? குழாய்ச் சுவரிலுள்ள செல்கள், நெருக்கடி வந்தால், மிக மிகச் சின்னப் பைகளைப் பிதுக்கி வெளியே தள்ளுகின்றன. ஆய்வகத்தில் வெசிகிள் என்போம். இங்கே நுண்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் சில, சுண்ணாம்பு படிய முதல் புள்ளி வைக்கின்றன. எவை வைக்கின்றன, ஏன் வைக்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. அதாவது அவர்கள் வேலை. என் வேலை அந்தப் பைகளைப் பிடித்துக் கொடுப்பது.

பிடிப்பது எப்படி? செல்களை டிஷ்ஷில் வளர்த்து, பாஸ்பேட்டைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, அவை பேஜார் ஆகிப் பைகளைத் தள்ளும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு அவை மிதந்த திரவத்தை எடுத்து முதலில் மெதுவாகச் சுற்றினால் செத்த செல்கள் அடியில் போகும். அதை விட்டுவிட்டு மேலே இருப்பதை எடுக்க வேண்டும். இன்னும் வேகமாகச் சுற்றினால் குப்பை போகும். கடைசியில் பெரிய இயந்திரத்தில், பூமி இழுப்பதைப்போல ஒரு லட்சம் மடங்கு இழுக்கும் வேகத்தில் சுற்றினால் நுண்பைகள், திரவம் ஊற்றிய குழாயின் ஒரு பக்கச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது கண்ணுக்குத் தெரியாது. அதனால் சுற்றுவதற்கு முன்பே குழாயின் வெளிப்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைப்போம். சுற்றி முடித்ததும் அந்தக் கோட்டுக்கு உள்பக்கம் பைகள் இருப்பதாக நம்பி, மேலே உள்ளதைச் சரித்து ஊற்றிவிட்டு, பஃபர் என்கிற உப்புக் கரைசலை விட்டுக் கழுவி, மறுபடி ஒரு லட்சம் மடங்கு. கடவுளைக் கும்பிடுவதற்கும் இதற்கும் வித்தியாசம், இங்கே மார்க்கர் கோடு இருக்கிறது.

இப்படிக் கிடைத்த 'ஒன்றுமில்லாததை' எடுத்து ஜெல்லில் கலந்து, சில நாள் வைத்திருந்து, அலிசரின் என்கிற சாயத்தை ஊற்றுவோம். சுண்ணாம்பு இருக்கும் இடமெல்லாம் சிவக்கும். முதல் வருடம் நான் கையுறையில் ஓட்டை இருப்பது தெரியாமல் அந்தச் சாயத்தைக் கரைத்துவிட்டு, பத்து விரலும் சிவந்த நிலையில் வீட்டுக்கு வந்தேன். என் மனைவி வசந்தா கதவைத் திறந்ததும் கையைப் பார்த்தாள்.

"இன்னாங்க, மருதாணி வெச்சிக்கினு வந்திருக்கீங்க? யாருக்குக் கல்யாணம்?"

"ஆராய்ச்சிடி."

"ஆராய்ச்சி பண்றவங்க எல்லாம் கைய வெச்சிக்கினுதான் பண்றாங்க. நீங்க கையிலயே பண்ணிட்டு வந்திருக்கீங்க."

எங்கள் தலைவி சுமித்ரா மேடம். மைசூர்க்காரர், தமிழ் நன்றாக வரும், கன்னடம் இன்னும் நன்றாக வரும், கோபம் மட்டும் எந்த மொழியிலும் வராது. அதுதான் எங்களுக்குப் பயம். வேலை ஒழுங்காக நடந்தால் நம்மை நிற்கவைத்தே பேசி அனுப்பிவிடுவார். தப்பு நடந்திருந்தால் எதிரிலுள்ள நாற்காலியைக் காட்டி "கூத்கொள்ளி" என்பார். கன்னடத்தில் உட்காருங்கள் என்று மரியாதையாகச் சொல்வது. உட்கார்ந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை பேச்சு கிடையாது. அதற்குள் நாமே செய்த தப்பையும் செய்யாத தப்பையும் ஒப்புக்கொண்டிருப்போம். அவர் அறையிலிருந்து யாராவது வெளியே வந்தால் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: "நின்னியா, உக்காந்தியா?"

மேடத்துக்கு நம்பிக்கை ஒரே ஒரு விஷயத்தில். எந்தப் படத்தைக் காட்டினாலும் முதல் கேள்வி, "கன்ட்ரோல் எங்கே?" கன்ட்ரோல் என்றால், செல்லே வளராத வெறும் திரவத்தையும் அதே குழாய்களில் ஊற்றி, அதே மாதிரி சுற்றி, கழுவி, ஜெல்லில் கலப்பது. அதில் நுண்பை கிடையாது. ஆகவே சிவக்கக் கூடாது. சிவந்தால், நாம் பார்த்ததாகச் சொல்லிக்கொள்வது வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி என் புகழுக்கு வருகிறேன். பெரிய இயந்திரத்தில் குழாய்களை எதிரெதிராக வைக்க வேண்டும். இரண்டும் ஒரே எடையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இயந்திரம் ஆடத் தொடங்கும். சேர்ந்த புதிதில் ஒருமுறை நான் சரியாகப் பார்க்காமல் வைத்துவிட்டு ஸ்விட்சைத் தட்டினேன். அது உறுமிய உறுமலில் மூன்றாம் மாடி ஆட்கள் படி இறங்கி ஓடினார்கள். இயந்திரம் தானே நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் தராசு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அன்றிலிருந்து எடை என் வெறியாகிவிட்டது. இரண்டு குழாயையும் தூக்கிப் பார்ப்பேன், இலேசாக இருப்பதில் பிளாஸ்டிக் பாட்டிலைப் பிதுக்கி ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு விடுவேன். தராசில் வைத்தால் முள் அசையாத மாதிரி சரியாக இருக்கும். கொஞ்ச நாளில் தராசில் வைப்பதையே விட்டுவிட்டேன். பார்க்க வருகிறவர்களிடம் "இவர் கையே தராசு" என்று என்னைக் காட்டுவார்கள். நானும் வெட்கப்படுகிற மாதிரி நிற்பேன்.

ஜெனிட்டா விவேக் நகர்ப் பெண். பிஎச்.டி. மாணவி. என்னை அங்கிள் என்பாள். அவள் ஆய்வின் முக்கியமான அத்தியாயமே, நெருக்கடியில் இருக்கும் செல்களின் நுண்பைகள் சுண்ணாம்பை எவ்வளவு படியவைக்கின்றன என்பதுதான். மூன்று வருட உழைப்பு. என் ஓய்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது தீசிஸைச் சமர்ப்பிக்கும் முன் அவள் அதைப் பேசிக் காட்ட வேண்டிய கருத்தரங்குக்கு ஒன்பது வாரம் இருந்தது. உதவித்தொகையும் அதோடு முடிகிறது, தள்ளிப்போட வழியில்லை. கடைசிக்கட்டச் சோதனைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

ஒரு திங்கட்கிழமை அவள் டிஷ்களை வெளிச்சத்தில் வரிசையாக வைத்துவிட்டு அசையாமல் நின்றாள்.

"அங்கிள், இங்க வாங்களேன். இது எது?"

"கன்ட்ரோல்."

"கலரு?"

"சிவப்பு," என்றேன். பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

மறுபடி செய்தோம். ஆறு கன்ட்ரோலில் மூன்று சிவந்தன. இன்னொரு முறை, இரண்டு சிவந்தன. ஏன் இது சிவக்கிறது, அது ஏன் சிவக்கவில்லை என்பதற்கு ஒரு ஒழுங்கும் இல்லை. ஜெனிட்டா மேடத்தின் அறைக்குப் போய்த் திரும்பினாள்.

"நின்னியா, உக்காந்தியா?"

"உக்காந்தேன் அங்கிள். முக்கா மணி நேரம்." பையிலிருந்து ஒரு முட்டை பஃப்ஸை எடுத்துக் கடித்தாள். "கன்ட்ரோல் செகப்பா இருந்தா மத்த செகப்புக்கு இன்னா அர்த்தம்னு கேக்குறாங்க. ஒண்ணும் அர்த்தமில்ல. அந்த சாப்டரையே எடுத்துட வேண்டியதுதான். அத எடுத்துட்டா தீசிஸ்ல மிச்சம் இருக்கறது அட்டையும் நன்றியும்."

அழுதுகொண்டே பஃப்ஸ் சாப்பிடுவது பார்க்கக் கஷ்டமான காட்சி. மேசையெல்லாம் தூள்.

அடுத்த பத்து நாள் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம். செல்களுக்கு ஊட்டுகிற சீரத்தை மாற்றினோம். சாயத்தை மாற்றினோம். ஜெல்லை மாற்றினோம். இன்குபேட்டரைக் கழுவினோம். நான் பெரியமனுஷத் தோரணையில், "ஜெனிட்டா, உன் கைதான் சரியில்லம்மா, அவசரப்படுற" என்று அவளுக்குப் புத்திமதிகூடச் சொன்னேன். எழுதும்போது காது சுடுகிறது. ஆனாலும் சொன்னேன்.

கடைசியில் மேடம் ஒன்று செய்தார். "யாரும் யாரையும் கேக்க வேண்டாம். ஒவ்வொருத்தரும் அவங்க கையால செய்யறத ஒவ்வொரு படியா எழுதுங்க. புரோட்டோகால்ல இருக்கறதை அல்ல. கை செய்யறதை." ஒரு தாளைக் கொடுத்தார்.

மதியம் கேன்டீனில் உட்கார்ந்து எழுதினேன். குழாயைக் கழுவுகிறேன், டிஸ்டில்டு தண்ணீரில் அலசுகிறேன், கவிழ்த்துவைக்கிறேன், கோடு போடுகிறேன். எழுதுவது சுகமாகத்தான் இருந்தது. எவ்வளவு ஒழுங்கானவன் நான்! பதினோராவது படி: 'எதிரெதிர்க் குழாய்களில் எது இலேசோ அதில், எடை சமமாகும்வரை, பாட்டிலிலிருந்து ___ சொட்டுச் சொட்டாக விடுகிறேன்.' கோடிட்ட இடத்தில் பேனா நின்றுவிட்டது.

அந்தப் பாட்டிலில் இருக்க வேண்டியது பஃபர். அல்லது டிஸ்டில்டு தண்ணீராவது. ஆனால் அந்தக் கோடையில் எங்கள் நிலையத்தின் போர்வெல் வற்றிவிட்டது. டேங்கர் லாரித் தண்ணீர்தான். டிஸ்டில் செய்யும் கருவி ஒரு கேன் தண்ணீர் தருவதற்குப் பல கேன் தண்ணீரைக் குடிக்கும். அதை நிறுத்திவைத்து, ஆய்வகத்துக்கு நாளைக்கு ஒரு கேன் என்று அளந்தார்கள். எல்லாரும் சிக்கனமாக இருங்கள் என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். நான் சிக்கனமாக இருந்தேன். எடைக்குப் போடுகிற தண்ணீர்தானே, அதற்கு எதற்கு டிஸ்டில்டு? எடை என்றால் எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான். கழுவுகிற தொட்டிக் குழாயைத் திறந்து, வந்த டேங்கர் தண்ணீரால் பாட்டிலை நிரப்பினேன். தண்ணீர் சேமித்ததற்காக அடுத்த கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டவும் செய்தார்கள்.

அந்த டேங்கர் தண்ணீர் எப்படிப்பட்டது என்றால், அதில் கழுவிய டம்ளர் காய்ந்தால் விபூதி பூசின மாதிரி இருக்கும். சுத்தமான சுண்ணாம்பு. நாங்கள் கழுவப் பயன்படுத்திய பஃபரிலோ பாஸ்பேட். இரண்டும் சேர்ந்தால் பொடிப் படிகம். சுற்றினால் நுண்பை ஒட்டுகிற அதே கோட்டுக்கு உள்பக்கம் போய் ஒட்டும். ஜெல்லில் போட்டால் வளரும். இலேசான குழாயில் மட்டும்தானே சொட்டு விடுவேன். அதனால்தான் சிலது சிவந்தது, சிலது சிவக்கவில்லை. ரத்தக்குழாயில் சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்று உலகமே தேடிக்கொண்டிருக்க, நான் அதைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஓடினேன். ஆய்வகத்தில் யாரும் இல்லை. ஜெனிட்டா கால்சியம் அளக்கிற தட்டில் ஒரு குழி காலியாக இருந்தது. சுண்ணாம்பு பட்டால் நிறம் மாறுகிற திரவத்தை விட்டு, பாட்டிலிலிருந்து ஒரே ஒரு சொட்டு. கத்தரிக்காய்க் கலருக்கு மாறியது.

இப்போது உண்மையைச் சொல்ல வேண்டும். பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தேன். கழுவினேன். பஃபரை நிரப்பினேன். இனி எல்லாம் தானே சரியாகிவிடும். அடுத்த தடவை கன்ட்ரோல் வெள்ளையாக இருக்கும். 'பழைய சீரத்துல ஏதோ கோளாறு' என்று சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். மூன்று மாதத்தில் மாலை, சால்வை, 'இவர் கையே தராசு' என்று ஒரு பேச்சு. இவ்வளவும் என் கண்ணுக்குத் தெரிந்தது. தாளில் அந்தக் கோடிட்ட இடத்தில் 'பஃபர்' என்று எழுதியும்விட்டேன்.

மேசையில் ஜெனிட்டாவின் நோட்டு திறந்து கிடந்தது. மூன்று வருடப் படங்கள். அவற்றில் எது பையால் சிவந்தது, எது என்னால் சிவந்தது? டேங்கர் எந்த நாளில் வந்ததோ அந்த நாளுக்கு முன்னால் எல்லாம் உண்மை. பின்னால் எல்லாம் குப்பை. இந்த ஒரு தகவல் கிடைத்தால் சில வாரம் போக மூன்று வருட உழைப்பும் அவளுக்கு மிஞ்சும். கிடைக்காவிட்டால் எதையும் நம்ப முடியாது. அந்தத் தகவல் உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் இருந்தது. அவன் சால்வையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான்.

'பஃபர்' என்பதை அடித்துவிட்டு 'டேங்கர் தண்ணீர்' என்று எழுதினேன். மேடத்தின் அறைக்குப் போனேன். ஜெனிட்டாவும் அங்கே இருந்தாள், உட்கார்ந்துதான். மேடம் சொல்லுமுன்னே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏகாம்பரம் அவ்ரே, நான் இன்னும் சொல்லவே இல்லயே?" என் பெயரோடு எப்போதும் 'அவ்ரே' சேர்ப்பார்; கன்னடத்தில் 'அவர்களே'.

"சொல்ல வேண்டியிருக்கும் மேடம்." தாளை நீட்டினேன். "பதினொண்ணு."

படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நான் அதுவரை பார்த்த எல்லாத் துடைப்பையும்விட நீளமான துடைப்பு. அதற்குள் ஜெனிட்டா எட்டிப் படித்துவிட்டாள்.

"டேங்கர் தண்ணியா! அங்கிள்! என் கை சரியில்லன்னு சொன்னீங்களே?"

"சொன்னேம்மா. ஆளுதான் மாறிப்போச்சு."

"பத்து நாளா நான் எங்கம்மாகிட்ட சொல்லி மெழுகுவத்தி ஏத்த வெச்சிருக்கேன்!"

"பலிச்சிடுச்சே."

மேடம் சிரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. "எந்த நாள்லருந்து?" என்று மட்டும் கேட்டார். டேங்கர் வரத்தொடங்கிய நாளை வாட்ச்மேன் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னேன். பென்சிலால் ஜெனிட்டாவின் நோட்டில் அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். "இதுக்கு மேல இருக்கறது உன்னோடது. கீழ இருக்கறது எல்லாம் திரும்ப. ஏகாம்பரம் அவ்ரே, ஆறு வாரம் இருக்கு. கையைத் தராசாட்டம் வெச்சுக்க வேண்டாம். தராசை வெச்சுக்கங்க."

ஆறு வாரம், ஞாயிறு உட்பட, பஸ் ஏறிப் போனேன். வசந்தா, "ரிட்டயர் ஆவப்போற நேரத்துலதான் வேலைக்குச் சேந்திருக்கீங்க" என்றாள். ஒவ்வொரு குழாயையும் மூன்று தடவை தராசில் வைத்தேன். ஜெனிட்டா பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டாள். நான் இருமினால்கூட எழுதிக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

கருத்தரங்குக்கு நான்கு நாள் முன்னால் கடைசி டிஷ்களுக்குச் சாயம் ஊற்றினோம். கழுவினோம். கன்ட்ரோல் ஆறும் வெள்ளை. சாதாரணச் செல்களின் பைகள் போட்டதும் ஏறக்குறைய வெள்ளை. நெருக்கடிச் செல்களின் பைகள் போட்ட டிஷ்ஷில் சிவப்பு. முன்பு பார்த்த மாதிரி அள்ளிப் பூசின சிவப்பு இல்லை. அங்கங்கே புள்ளி. ஆனால் சிவப்பு.

ஜெனிட்டா குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"கம்மியாத்தான் இருக்கு அங்கிள்."

"ஆமாம்மா."

"பரவால்ல. கம்மியா இருந்தாலும் நம்மளது."

பட்டம் வாங்கினாள். கட்டுரையும் வெளிவந்தது. அதில் செய்முறைப் பகுதியில் மேடம் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'எதிரெதிர்க் குழாய்கள் தராசில் எடைபோடப்பட்டு, கால்சியம் இல்லாத பஃபரால் மட்டுமே சமன் செய்யப்பட்டன.' முப்பத்திரண்டு வருடத்தில் அறிவியலுக்கு நான் அளித்த பங்களிப்பு முழுவதும் அந்த 'மட்டுமே'யில் இருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற பிறகு, வெளிநாட்டில் இதே ஆய்வைச் செய்து பார்க்கிற யாரோ மேடத்துக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தார்களாம். எடைபோடுவதை யாரும் இவ்வளவு அழுத்திச் சொல்வதில்லையே, இதற்குத் தனிக் காரணம் ஏதாவது உண்டா என்று. மேடம் அதை எனக்குத் தள்ளிவிட்டு, "ஏகாம்பரம் அவ்ரே, இதுக்கு உத்தரம் நீங்களே கொடுங்க" என்று எழுதியிருந்தார். நான் தமிழில் சொல்ல, ஜெனிட்டா இங்கிலீஷில் அனுப்பினாள்:

'காரணம் ஒன்று இருந்தது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டது. ஆனாலும் நீங்கள் எடைபோட்டே செய்யுங்கள்; உங்கள் ஆய்வகத்திலும் அனுபவசாலி ஒருவர் இருப்பார்.'